அழுகிய காயில் இருக்கும் பூசணம்தான் குற்றவாளியா?

ஆடிச் சாரல் விடாமல் அடிக்கும் நாட்களில் ஏலமலைத் தோட்டங்களில் காய் அழுகத் தொடங்கும். முதலில் காயின் மேல் நீர் கோத்தாற்போல் ஒரு திட்டு தெரியும். பிறகு பச்சை மங்கிப் பழுப்பாகி, கெட்ட வாடையோடு காய் உதிரும். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறித் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அழுகல் நோய் என்றால் தெரியும். ஆனால் அழுக வைத்தது எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அழுகிய காயைக் கீறி நுண்ணோக்கியில் வைத்தால் பூசண இழைகள், பாக்டீரியா, நூற்புழு எனப் பல உயிர்கள் தென்படும். அவற்றில் பெரும்பாலானவை செத்த திசுவைத் தின்னப் பின்னால் வந்தவை. நோயுற்ற இடத்தில் ஒரு கிருமி இருக்கிறது என்பதால் மட்டும் நோய் அதனால் வந்தது என்று சொன்னால், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இலை மஞ்சளாகி வாடும் ஏலச்செடியைப் பாருங்கள். வேரைத் தின்றது வேர்ப்புழுவாக இருக்கலாம். அது கடித்த காயத்தின் வழியே நுழைந்த பூசணமும் அங்கே இருக்கும். பூசணத்தைப் பார்த்துவிட்டுப் பூசணக்கொல்லி ஊற்றினால் காசும் போகும், செடியும் போகும்.

அழுகலுக்குக் காரணம் ஃபைட்டோப்தோரா என்ற நீர்ப்பூசணம். ஏலத்தில் அதன் தாக்குதல் 1972இல் ஆய்விதழில் பதிவானது. இப்படி ஒரு கிருமியின் மேல் குற்றத்தை உறுதி செய்ய ஆய்வாளர் எடுத்துவைக்கும் முதல் அடி, நோயுள்ள செடிகளில் அது தவறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து அதைத் தனியே பிரிக்க வேண்டும். முழுக்க அழுகிய பகுதி இதற்கு உதவாது. நல்ல திசுவும் நோய்த் திசுவும் சந்திக்கும் விளிம்பிலிருந்து சிறு துண்டு வெட்டி, மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து, அகார் ஊடகத்தில் வைப்பார்கள். வேகமாக வளரும் வேறு பூசணங்கள் முந்திக்கொண்டு தட்டு முழுவதும் படர்ந்துவிடும் என்பதால் அவற்றையும் பாக்டீரியாவையும் அடக்கும் மருந்துகளை ஊடகத்தில் கலப்பதுண்டு. அப்படித் தனியே வளர்ந்ததை நோயில்லாத காய்களில் ஏற்ற வேண்டும். அதே நோய் அதே அடையாளங்களோடு வர வேண்டும். வந்த இடத்திலிருந்து மறுபடி பிரித்தால் முதலில் பிரித்த அதே உயிர் கிடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் துணையாக இன்னொன்று தேவை. சில காய்களில் கிருமி இல்லாத வெறும் தண்ணீரை மட்டும் வைத்து, அதே ஈரத்தில், அதே வெப்பத்தில் விட வேண்டும். அவை நன்றாக இருந்தால்தான் மற்றவை அழுகியதற்கு ஈரமோ ஊசி குத்திய காயமோ காரணமில்லை என்று பேச முடியும். ஒப்பீட்டுக்கு வைக்கும் இந்தக் காய்கள் இல்லாத எந்தச் சோதனையையும் நான் நம்பமாட்டேன்.

இந்த முறை ராபர்ட் கோக்கின் பெயரால் அறியப்படுகிறது. ஜெர்மன் மருத்துவரான அவர் 1876இல் ஆந்த்ராக்ஸுக்கும் 1882இல் காசநோய்க்கும் காரணமான பாக்டீரியாக்களை நிறுவினார். நிபந்தனைகளைத் தெளிவாக எழுத்தில் வைத்தவர் அவரது உதவியாளர் லோஃப்லர், ஆண்டு 1884. ஆனால் பயிர் நோயில் நிரூபணம் அதற்கும் முந்தையது. அயர்லாந்தைப் பட்டினி போட்ட உருளைக்கிழங்குக் கருகலுக்கு ஒரு நீர்ப்பூசணமே காரணம் என்பதை அன்டன் டி பாரி 1861இல் சோதனையால் காட்டினார். ஏலக்காயை அழுக வைக்கும் ஃபைட்டோப்தோராவும் அதே பேரினம்தான்.

கோக்கின் நிபந்தனைகள் கோக்குக்கே முழுதாகக் கைகொடுக்கவில்லை. 1884இல் கல்கத்தாவில் காலரா நோயாளிகளின் குடலில் காற்புள்ளி வடிவ பாக்டீரியாவைக் கண்டு, தனியே பிரித்தும் விட்டார். ஆனால் அதை விலங்குகளுக்குக் கொடுத்துக் காலராவை வரவழைக்க முடியவில்லை. நோயே இல்லாத மனிதர்களும் அதைச் சுமப்பது பின்னர் தெரியவந்தது. அதே கல்கத்தாவில் சம்புநாத் டே, பாக்டீரியா நீக்கிய வளர்ப்பு நீரை முயல் குடலில் செலுத்தி, அங்கே நீர் தேங்குவதை 1959இல் காட்டினார். கிருமி வெளியிடும் நச்சுதான் காலராவின் பேதிக்குக் காரணம் என்பது அதன்பிறகே உறுதியானது.

வைரஸ் என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஏலத்தின் கட்டே நோயில் இலை நரம்புகளுக்கு இணையாக வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். தூர் குறுகி, சில ஆண்டுகளில் விளைச்சல் அற்றுப்போகும். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகுவதால் அகார் தட்டில் தனியே வளர்த்துக் காட்ட வழியில்லை. தூய வளர்ப்பு வேண்டும் என்ற விதியை வைரஸுக்குத் தளர்த்த வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் தாமஸ் ரிவர்ஸ் 1937இல் வாதிட்டார். கட்டேயை அசுவினி பரப்புகிறது என்பதை உப்பல், வர்மா, கபூர் ஆகியோர் 1945இல் வெளியிட்டார்கள். இத்தகைய சோதனையில் நோய்ச்செடியில் சாறு உறிஞ்சிய அசுவினியை ஒரு நாற்றிலும், நல்ல செடியில் உறிஞ்சியதை இன்னொரு நாற்றிலும் விட்டுப் பார்ப்பார்கள். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜேக்கபும் ஆர். உஷாவும் அந்த வைரஸின் மரபுப்பொருளில் ஒரு முனையைப் படித்து, அது எந்தப் பேரினம் என்பதை 2001இல் அறிவித்தார்கள்.

அதே ஆய்வகத்திலிருந்து 2003இல் வந்த இன்னொரு வேலை, நிரூபணம் என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாடு தந்த மிக அழகான சான்று என்பேன். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலை எல்லா விவசாயிக்கும் தெரியும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அதற்குக் காரணம். ஜோஸும் உஷாவும் அந்த வைரஸின் டி.என்.ஏ.வை மட்டும் ஒரு பாக்டீரியாவின் வழியாக வெண்டைச் செடிக்குள் செலுத்தினார்கள். வைரஸ் செடி முழுதும் பரவியது. இலை லேசாகச் சுருண்டது. மஞ்சள் நரம்பு மட்டும் வரவில்லை. வைரஸோடு ஒட்டிவாழும் பீட்டா என்ற சிறு டி.என்.ஏ.வையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் வயலில் காணும் அதே தேமல் வந்தது. நோயைத் திரும்ப உண்டாக்கிப் பார்த்திருக்காவிட்டால் இந்தக் கூட்டாளி மறைந்தே இருந்திருக்கும்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டே கண்ட தூரை எந்தப் பூசணக்கொல்லியும் காப்பாற்றாது. வேரோடு தோண்டி அழிப்பதே வழி. எந்த நோய் என்று புரியாவிட்டால் மருந்தடிக்கும் முன் மாதிரி எடுங்கள். செத்த செடி வேண்டாம். நோய் அப்போதுதான் தொடங்கிய செடியிலிருந்து, நல்ல பகுதியும் சேர்ந்து வருமாறு வெட்டி, காகிதத்தில் சுற்றி, அன்றே இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்துக்கோ பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள்.