உட்கார்ந்தால் தெரியும் கடமான்

வட அமெரிக்க மலைக்காடுகளில் செப்டம்பர் பிறந்தால் எல்க் மான் வேட்டைக்காலம் தொடங்கிவிடும். வயதான தகப்பனை ஒருமுறையாவது அந்த வேட்டைக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று அங்கே பிள்ளைகள் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். எந்தச் சரிவில் மான் இறங்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அப்பாவின் மூட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நம் மலைகளிலும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கு போட்டிருக்கிறார்கள். தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் குடியேறிய ஆங்கிலேயர்கள் எல்க் என்று அழைத்தது நம் கடமானைத்தான். அவர்களில் ஒருவரான சாமுவேல் பேக்கர், இலங்கையின் நுவரெலியாவில் வேட்டை நாய்களை விட்டு 'எல்க்' துரத்தியதாக 1850-களில் புத்தகமே எழுதினார். அவர் துரத்தியதும் கடமான்தான். 1972-ல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பின்னால் துப்பாக்கிக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது. ஆனால் வேட்டைக்காரர் போட்ட கணக்கு, கடமானைக் கண்ணால் மட்டும் பார்க்க நினைப்பவருக்கும் அப்படியே உதவும். அதிலும், வயதான அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடையாது என்பேன்.

காரணத்தை அந்த விலங்கிடமிருந்தே தொடங்கலாம். இந்தியாவின் மான்களில் மிகப் பெரியது கடமான். குமரி, நெல்லைப் பக்கம் மிளா என்பார்கள். வளர்ந்த ஆண் தோள்வரை ஒன்றரை மீட்டர் உயரத்தை நெருங்கும், எடை 225 முதல் 320 கிலோ வரை போகும். உடம்பில் புள்ளி இருக்காது, கரும்பழுப்பு நிறம், முரட்டு ரோமம். ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர் அடர்ந்திருக்கும். கொம்பில் பக்கத்துக்கு மூன்று முனைகள்: நெற்றிக்கு மேலேயே ஒரு கிளை, நுனியில் ஒரு கவடு. ஒரு மீட்டர் நீளம்வரை வளரும் இந்தக் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைக்கிறது. முளைக்கும்போது மென்ரோமத் தோல் போர்த்தியிருக்கும், உள்ளே ரத்தம் ஓடும். எலும்பு இறுகியதும் மரத்தில் தேய்த்துத் தோலை உரித்துவிடும். அப்படி உரித்த மரங்களில் பட்டை கிழிந்திருப்பதைக் காட்டோரம் பார்க்கலாம். உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துவருவதும் குற்றம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இணைசேரும் பருவத்தில் ஆண் கடமான் செய்யும் வேலைகள் விசித்திரமானவை. சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, தலைக்கு மேலே தொங்கும் கிளையில் முகத்தைத் தேய்க்கும். கண்ணோரச் சுரப்பியின் வாசனையை அங்கே விட்டுவைப்பதற்குத்தான் இந்தப் பாடு. தொண்டையின் கீழ்ப்புறத்தில் சில காலம் ரோமம் உதிர்ந்து செக்கச்செவேலென்று ஒரு திட்டு தெரியும். பார்க்கிறவர்கள் புண் என்று பதறிப்போவார்கள். அதுவும் சுரப்பியோடு தொடர்புள்ளது என்றே கருதுகிறார்கள்.

மொத்தத்தில் கடமான் மூக்கால் வாழும் விலங்கு. காதும் கூர்மை. கண் நல்ல கண்தான், ஆனால் அசைவைப் பிடிக்கும் அளவுக்கு அசையாத உருவத்தைப் பிடிக்காது. காட்டுப்பாதையில் நடந்து போகிறவனைக் கால் மணி நேரத்துக்கு முன்பே அறிந்து விலகிவிடும், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனின் எதிரிலோ தானாக வெளியே வரும். பகலெல்லாம் சோலைக்குள் படுத்துக் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் புல் மேய விளிம்புக்கு வருவது அதன் வழக்கம். அசையாமல் உட்கார்வது எழுபது வயதுக்காரருக்குக் கைவந்த கலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுப்பது நாம்தான்.

எங்கே உட்கார்வது என்பதை மலைக்காற்று முடிவுசெய்கிறது. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேல்நோக்கி எழும். பொழுது சாய்ந்ததும் சரிவு சட்டென்று குளிர்ந்து, கனத்துப்போன காற்று பள்ளத்தை நோக்கி வழியும். ஆகவே மாலையில் மேட்டில் நின்றால் உங்கள் வியர்வை வாசனை, தைல வாசனை எல்லாம் கீழே மேயும் கடமானின் மூக்குக்குப் போய்ச் சேரும். கீழே அமர்ந்து சரிவை அண்ணாந்து பார்ப்பதுதான் சரி. ஏற்றம் ஏற வேண்டியதில்லை என்பது மூட்டுவலிக்காரருக்குக் கிடைக்கும் லாபம். பருவக்காற்று பலமாக வீசும் நாளில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். அதற்கு ஒரு துணுக்கு இலவம்பஞ்சைக் கையில் வைத்திருந்து அவ்வப்போது மிதக்க விட்டுப் பார்த்தால் போதும், காற்றின் போக்கு தெரிந்துவிடும்.

உடையையும் கவனிக்க வேண்டும். மான்களின் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பு அவற்றுக்கு மங்கல், நீலம் எடுப்பாகத் தெரியும். வெளுத்த வேட்டியும் நீலம் போட்ட சட்டையும் அந்தி வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மேலே ஒரு பழுப்புக் கம்பளியைப் போர்த்திவிட்டால் குளிருக்கும் ஆச்சு, மறைவுக்கும் ஆச்சு.

தொலைநோக்கி வாங்குகிறவர்கள் பெரிய எண்ணைத் தேடிப் போக வேண்டாம். இளமையில் இருட்டில் ஏழு மில்லிமீட்டர்வரை விரியும் கண்மணி, முதுமையில் ஐந்தளவில் நின்றுவிடும். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகவில்லையும் உள்ள கருவி சுமார் ஐந்து மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றையைக் கண்ணுக்குத் தருகிறது. முதியவரின் கண் அந்தியில் வாங்கக்கூடிய வெளிச்சம் அதுதான். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும்.

என் அப்பாவோடு கொடைக்கானலை அடுத்த மன்னவனூர்ப் பக்கம் ஒரு மாலை சாலையோரத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். சோலையிலிருந்து திடீரென்று கணீரென ஒரு சத்தம். "என்னப்பா, லாரி ஹாரனா?" என்றார். கடமானின் எச்சரிக்கைக் குரல் அது. அப்படிக் கத்துகிற மான் வாலைத் தூக்கி, ஒரு முன்னங்காலால் தரையை ஓங்கி மிதிக்கும். மேலே புல் விளிம்பில் பெட்டை ஒன்று கல்லாய் நின்று எங்கள் பக்கமே பார்த்தது. இரண்டு காதும் தனித்தனியே திரும்பின. நான் தொலைநோக்கியைத் தூக்கப் போனேன். அப்பா என் முழங்காலை அழுத்தி, "பேசாம இரு. அதுவா முடிவு பண்ணட்டும்" என்று கிசுகிசுத்தார். நெடுநேரம் கழித்து அது தலையைத் தாழ்த்தியது. பின்னாலேயே புள்ளியில்லாத குட்டி ஒன்று வந்து தாயின் வயிற்றடியில் முட்டியது. கடமான் எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியைத்தான் ஈனும்.

அந்த எச்சரிக்கை பெரும்பாலும் சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவற்றுக்கானது. செந்நாய்க் கூட்டம் துரத்தும்போது கடமான் தண்ணீரைத் தேடி ஓடும். நெஞ்சளவு ஆழத்தில் நின்றுகொண்டு முன்னங்கால்களால் உதைத்து எதிர்க்கும். நாய்களுக்கு அங்கே கால் எட்டாது.

பயணத்துக்கு என் பரிந்துரை சனவரி, பிப்ரவரி. வடகிழக்கு மழையும் மூடுபனியும் விலகி வானம் தெளிந்திருக்கும், ஆண்களில் பலவற்றுக்குக் கொம்பு இன்னும் விழுந்திருக்காது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் மேல். முதல் நாள் அப்பாவை எங்கும் இழுத்துக்கொண்டு போகாமல் ஓய்வெடுக்க விடுங்கள். இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் தனி அனுமதி தேவை. எங்கே உட்கார்ந்தாலும் சாலையையும் வண்டியையும் விட்டு விலகாதீர்கள். காட்டுமாடு எதிர்ப்பட்டால் படம் எடுக்க நிற்காமல் பெரியவரை முதலில் வண்டிக்குள் ஏற்றிவிடுங்கள்.

நான் கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கடமான் வெளியே வருவது புல்லுக்காக. பழனி மலையின் மேட்டுப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதாக, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சுற்றுலாப் பயணிகள் பச்சை என்று ரசித்துப் படமெடுக்கும் பைன் காட்டுக்குள், ஊசியிலை மெத்தைக்கு அடியில் கடமானுக்கு மேய அதிகம் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-லேயே கடமானை அழிவாய்ப்புள்ள இனங்களில் சேர்த்துவிட்டது. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. அதற்குள்ளும் சீகை புகுந்த புல்வெளிகள் உண்டு, அவற்றை மீட்பதுதான் கடமானுக்கு இன்றைக்கு அவசரம். வனத்துறை அலுவலகத்தில் அனுமதிக்காக நிற்கும்போது, எந்தச் சாலையோரத்தில் பழைய புல்வெளி மிச்சமிருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலியைப் போட வேண்டிய இடம் அதற்கு எதிரே, கீழ்ப்பக்கம்.