பந்தய டிரோனும் பேட்டரியின் ஆயுளும்

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் துபாய் நகரில் நடைபெற்ற உலக டிரோன் பந்தயத்தில், 15 வயதே நிரம்பிய லூக் பானிஸ்டர் என்ற ஆங்கிலேயச் சிறுவன் முதலிடம் பெற்றுத் தன் குழுவுக்கு 2,50,000 டாலர் பரிசை ஈட்டிக் கொடுத்தபோது, அதுவரை சில உற்சாகிகளின் பொழுதுபோக்காக இருந்துவந்த அந்த விளையாட்டின்பால் பலருடைய கவனமும் திரும்பியது. கார்பன் நாரால் ஆன சட்டம், நான்கு மோட்டார்கள், ஐந்து அங்குல விசிறிகள், முன்புறத்தில் ஒரு சிறு காமிரா ஆகிய இவையே பந்தய டிரோனின் பிரதான அங்கங்கள். காமிரா அனுப்பும் காட்சியைக் கண்ணில் அணிந்த கருவியில் கண்டபடி, தரையில் நிற்கும் ஓட்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அதை வளையங்களுக்குள் புகுத்திச் செலுத்துகிறார். அந்த வேகத்துக்கு வேண்டிய சக்தி முழுவதையும் அளிப்பது, சட்டத்தின்மீது வாரால் இறுகக் கட்டப்படும் ‘லிப்போ’ என்னும் லித்தியம் பாலிமர் பேட்டரி. இரண்டு மூன்று நிமிஷத்தில் தீர்ந்துபோகும் இந்தச் சிறு பொருளை நெடுநாள் உழைக்கச் செய்வது எவ்வாறு என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம்.

ஒரு லிப்போ செல் முழுவதும் ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். அதன் சராசரி 3.7 வோல்ட். நான்கு செல்களை வரிசையாக இணைத்தால் உச்சத்தில் 16.8 வோல்ட் கிடைக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் தளர்ந்த மாட்டின் நடையே வண்டியின் நடையாகிவிடுவதுபோல, இவ்விதம் இணைந்த செல்களில் நலிந்த ஒன்றின் வலிமையே பேட்டரியின் வலிமையாகிவிடும்.

நலிவு எதனால் வருகிறதென்று அறிய, தன்னூடே பாயும் மின்னோட்டத்துக்குச் செல் தானே காட்டும் எதிர்ப்பாகிய உள்தடையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். நல்ல நிலையிலுள்ள பந்தயச் செல்லில் இது சில மில்லி ஓம்களுக்கு மேல் இராது; ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டி விசையை முழுவதும் திறந்து 100 ஆம்பியர் இழுக்கும் கணத்தில், இந்த அற்பத் தடையே ஒவ்வொரு செல்லிலும் அரை வோல்ட்டைச் சரித்து, 50 வாட் சக்தியை உஷ்ணமாக்கிவிடுகிறது. நான்கு செல்களிலும் சேர்ந்து 200 வாட் வீணாகிறது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினாலோ, உஷ்ணம் நாலில் ஒரு பங்காகிவிடும். உஷ்ணம் மிகுந்து 60 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து, தடை மேலும் வளர, வளர்ந்த தடை மறுமுறை இன்னும் அதிக உஷ்ணத்தைப் பிறப்பிக்கிறது.

உறையில் அச்சிட்டிருக்கும் ‘சி’ எண்ணை நம்பி இருந்துவிடுவதும் தகாது. 1300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 100 சி என்று போட்டிருந்தால், அது இடைவிடாமல் கொள்ளளவின் 100 மடங்கான 130 ஆம்பியர் தரும் என்று பொருள். அப்படித் தந்தால் 36 விநாடியில் முழுவதும் காலியாகிவிடும். வியாபாரிகள் இந்த எண்ணைத் தாராளமாகவே அச்சிடுகிறார்கள். ஆகையால் நல்ல சார்ஜர்கள் அளந்து காட்டும் உள்தடையைக் குறித்து வைத்து, அது கணிசமாக ஏறிவிட்ட பேட்டரியைப் பந்தயத்திலிருந்து விலக்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதே அனுபவஸ்தர்களின் வழக்கம்.

பறக்கும்போது செய்யத்தக்கது கொஞ்சமே. வளைவில் வேகத்தை இழந்து மறுபடி விசையை முழுதும் திறப்பதைக் காட்டிலும், சீரான பாதையில் வேகத்தைக் காத்துச் செல்பவர் பேட்டரியையும் காத்தவராகிறார். குளிர்ந்த பேட்டரியில் உள்தடை அதிகமாதலால், குளிர் நாடுகளில் பறக்குமுன் அதை இளஞ்சூடாக்கிக்கொள்வார்கள். விசை திறந்திருக்கும்போது தாழ்ந்து தோன்றும் வோல்ட் விசையைத் தளர்த்தியதும் ஓரளவு மீளும். நிதானமாகப் பறக்கையிலேயே செல்லுக்கு 3.5 வோல்ட் என்று காட்டினால் இறக்கிவிடவேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவது செல்லுக்குப் பெருங்கேடு. கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் செலவிடலாகாது என்பது பொது விதி. 1300 மில்லி ஆம்பியர்-மணிக்கு அது 1040 ஆகும். அடுத்து சார்ஜ் செய்கையில் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் விதி பேணப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

தரையிறங்கிய பின்பே ஓட்டியின் கடமை பெரிதாகிறது. சூடு ஆறும்வரை காத்திருந்து, செல்கள் யாவும் சமநிலை பெறும்படி, 1300-க்கு 1.3 ஆம்பியர் என்ற அளவில் ஏற்றுவது உத்தமம். முழுவதும் ஏற்றிய பேட்டரியை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பதோ, அறியாமையால் பலர் செய்யும் பெரும்பிழை. உச்ச வோல்ட்டில் மின்பகு திரவம் மெல்லச் சிதைந்து வாயுவை வெளியிட, அலுமினிய உறை உப்பிவிடுகிறது. எனவே பறக்கப்போகும் தினத்திலேயே முழுவதும் ஏற்றி, மழையால் பறக்க முடியாமற்போனால் சார்ஜரைக்கொண்டே செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்கவேண்டும். உப்பிய பேட்டரியையும், மோதி நசுங்கியதையும் மறுபடி ஏற்றவே கூடாது. அவை தீப்பற்றி எரியக்கூடியவை.

பந்தயத்தின் சில நிமிஷங்களில் நேரும் தேய்மானம் வேகத்துக்கு நாம் செலுத்தும் நியாயமான விலை. பறக்காத நாட்களில் நேரும் தேய்மானமோ அஜாக்கிரதையின் பலன். முன்னதைத் தவிர்க்க இயலாது. பின்னதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இந்தக் கலையில் இறங்கும் இளைஞர்கள் விலையுயர்ந்த மோட்டாரை நாடுமுன், செல்களைத் தனித்தனியே அளந்து காட்டும் நல்ல சார்ஜர் ஒன்றை வாங்கிக் கிரமமாகப் பயன்படுத்தப் பழகுவார்களாக.