பல்தடத் திறன் மிகைப்பி

பல்தடத் திறன் மிகைப்பி என்பது இல்லத் திரையரங்கின் ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்திறன் வழங்கும் கருவியாகும். கடை வழக்கில் இது பவர் ஆம்ப்ளிபையர் எனப்படுகிறது. 5.1 அமைப்புக்கு ஐந்து தடங்கள் போதும். சப்வூபர் பெரும்பாலும் தன் மிகைப்பியை உள்ளேயே கொண்டிருக்கும்.

தேர்வில் ஏமாற்றுவது வாட் எண்ணே. மின்வழங்கி எல்லாத் தடங்களுக்கும் பொதுவானது என்பதால், ஒரு தடம் மட்டும் இயங்கும்போது அளந்த 100 வாட், ஐந்தும் இயங்கும்போது வெகுவாகக் குறையலாம். எனவே எல்லாத் தடங்களும் ஒருங்கே இயங்க, 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஏர்ட்சு வரை அளந்த எண்களையே ஒப்பிட வேண்டும். பி.எம்.பி.ஓ. எனும் எண்ணைப் பொருட்படுத்தவே தேவையில்லை. திறனை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது அரிதாகவே உணரும்.

மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களில் வெப்பமும் கணக்கில் வரும். ஏபி வகை மிகைப்பி முழு வீச்சில் 500 வாட் தரும்போது மேலும் சில நூறு வாட்டை வெப்பமாக வெளியேற்றும்; மே மாதம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் சென்னையில் மூடிய மர அலமாரி அதற்கு உகந்த இடமன்று. டி வகையில் வெப்பம் குறைவு. தடத்துக்கு 200 வாட் வீதம் ஏழு தடங்கள் கொண்ட ஏபி வகை, முழு வீச்சில் 230 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கக்கூடும். அதற்கு வழக்கமான 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதாது, 16 ஆம்பியர் வேண்டும். கச்சேரிப் பதிவுகள் மட்டுமே கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு தடங்களே போதுமானவை.