ஈஸ்ட்டை ஜெயித்த இலை
மூலிகை முதல் மாத்திரை வரை – 9

சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணலை மென்றதுபோல் இருக்கும். இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். சின்கோனா மரப்பட்டை ஆய்வுக்காக ஊட்டியில் அரசு வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-லேயே இந்த இலையைப் பகுத்து எழுதிவிட்டார்.

நாக்குக்கு இனிப்புத் தெரியாமல் போவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு. இரண்டாவதை நிரூபிக்க நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்தப் பாதையின் முதல் படியிலேயே பல மூலிகைகளுக்கு மாலை போட்டுவிடுகிறோம் என்பதுதான் என் புகார்.

முதல் படி இப்படித்தான் இருக்கும். நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, எத்தனாலிலோ தண்ணீரிலோ ஊறப்போட்டு, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்குவார்கள். அடியில் தங்கும் கரும்பச்சைப் பிசின்தான் ‘சாறு’. பிறகு உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வரும். அதில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியும், அந்த நொதி உடைத்தால் மஞ்சளாக மாறும் ஒரு வேதிப்பொருளும். மாவுச்சத்தை குளுக்கோஸாக உடைக்கும் கடைசி வேலையை நம் சிறுகுடலில் செய்வது இந்த வகை நொதிதான். சாற்றைச் சேர்த்த குழியில் மஞ்சள் வெளுத்தால், சாறு நொதியைத் தடுக்கிறது என்று பொருள். பக்கத்துக் குழிகளில் ஒப்பீட்டுக்காக அகார்போஸ் என்ற நீரிழிவு மருந்து. ‘அகார்போஸைவிட எங்கள் இலை பல மடங்கு வீரியம்’ என்ற செய்தி பிறக்கும் இடம் இது.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்தத் தட்டில் ஊற்றும் நொதி பெரும்பாலும் மனிதக் குடலுடையது அல்ல, ஈஸ்ட்டுடையது. மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் ஈஸ்ட்டின் நொதியும் நம் குடல் நொதியும் ஒரே வேலையைச் செய்தாலும் வெவ்வேறு குடும்பம். குடல் நொதியை நன்றாக அடக்கும் அகார்போஸ், ஈஸ்ட் நொதியிடம் பலவீனமானது. தோற்கவே நிறுத்தப்பட்ட ஆளைத் தோற்கடித்துவிட்டு வெற்றி விழா எடுக்கிறோம். போதாக்குறைக்கு, இலைச் சாற்றில் நிறைய இருக்கும் டானின்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும். அதுவும் ‘தடுப்பு’ என்றே கணக்கில் ஏறும். எலிக் குடலிலிருந்து தயாரித்த நொதிப்பொடி விலைக்குக் கிடைக்கிறது. அதில் ஒருமுறை சோதித்தாலே பாதி ஆரவாரம் அடங்கிவிடும்.

அடுத்த படி எலி. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைக் குளிர்ந்த சிட்ரேட் கரைசலில் கலந்து, சிதைவதற்குள் ஊசியில் ஏற்றிச் செலுத்துவார்கள். அது கணையத்தின் பீட்டா செல்களைக் கொல்லும். சாகிற செல்கள் இருப்பில் உள்ள இன்சுலினை மொத்தமாகக் கொட்டிவிடுவதால், அன்றிரவு எலிக்குக் குளுக்கோஸ் தண்ணீர் வைக்காவிட்டால் தாழ்சர்க்கரையிலேயே செத்துப்போகும். சுமார் மூன்று நாள் கழித்து வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சர்க்கரை ஏறியிருப்பது உறுதியான பிறகுதான் சாறு கொடுக்க வேண்டும். சிலர் விஷ ஊசிக்கு முன்பே சாறு கொடுத்துவிட்டு, ‘நீரிழிவைக் குணப்படுத்தியது’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் பார்த்தது சாறு அந்த விஷத்தைத் தடுத்ததா என்பதை மட்டுமே. தவிர, பீட்டா செல் அழிந்த எலி முதல் வகை நீரிழிவுக்கு நெருக்கம். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை.

அளவையும் பார்க்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது இந்த ஆய்வுகளில் சகஜம். எலியின் அளவை மனித அளவாக மாற்றும் வழக்கமான கணக்கில் 6.2-ஆல் வகுத்தால், 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகத் தேறும் என்று வைத்தால்கூட, தினம் 40 கிராம் காய்ந்த இலை. வீட்டில் சாப்பிடும் ஒரு டீஸ்பூன் பொடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

மனிதரிடம் சோதிப்பதுதான் கடைசிப் படி. சிறுகுறிஞ்சான் அங்கேயும் ஏறியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வு நிறுவனத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் 1990-ல் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள். இன்சுலின் போட்டுவந்த 27 பேருக்கு இலைச் சாறு தினம் 400 மில்லிகிராம் கொடுத்ததில் இன்சுலின் தேவை குறைந்தது. இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேரில், 18 முதல் 20 மாதங்களுக்குப் பிறகு ஐந்து பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஒரு தட்டில் மஞ்சள் வெளுத்ததைவிட இது எத்தனையோ மேல். ஆனால் யாருக்கு எது என்று தெரியாமல் மறைத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனை அல்ல அது. ஆய்வில் இருக்கிறோம் என்ற அக்கறையிலேயே பத்தியமும் நடையும் கூடிப்போவது உண்டு. இலையின் பங்கு எவ்வளவு, அக்கறையின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. பல நூறு பேரிடம் அப்படி மறைத்து ஒப்பிடும் ஒரு சோதனையை அரசு முன்னின்று நடத்த வேண்டும். காப்புரிமை வாங்க முடியாத இலைக்குக் கம்பெனிகள் ஏன் செலவு செய்யப்போகின்றன?

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு எந்த இலையை நம்பியும் இன்சுலினை நிறுத்தவே கூடாது, உயிருக்கு ஆபத்து. வேங்கை மரக் குவளையில் ராத்திரி ஊறவைத்த தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு அடுத்த வாரம் பதில்.

(தொடரும்)