இணையச் சந்தைகளில் கத்தி விற்பனைக் கட்டுப்பாடுகள் (ஐக்கிய இராச்சியம்)

கத்தி, கோடரி, வாள் போன்ற அலகுள்ள பொருள்களை இணையவழியில் விற்பதற்கு ஐக்கிய இராச்சியத்தில் இரு வகையான வரம்புகள் உள்ளன. ஒன்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள். மற்றொன்று இணையச் சந்தைகளை நடத்தும் நிறுவனங்கள் தாமாகவே வகுத்துக்கொண்ட விதிகள். சிறுவர் கையில் ஆயுதம் போய்ச் சேராமல் தடுப்பதே இரண்டின் நோக்கமும். ஆனால் கத்தி ஆயுதமாவதற்கு முன்பே கருவியாக இருந்துவருகிறது. காய் நறுக்குபவர், தோல் தைப்பவர், மரக்கரண்டி செதுக்குபவர், கிளை கழிக்கும் தோட்டக்காரர் என அதை நாள்தோறும் நேர்மையாகப் பயன்படுத்துவோரையும் இவ்வரம்புகள் தொடுகின்றன.

பின்னணி

கத்தி விற்பனை மீதான கட்டுப்பாடு இணையத்தைவிடப் பழையது. பொத்தானை அழுத்தியதும் அலகு பாய்ந்து வெளிவரும் பட்டன் கத்தியின் விற்பனை 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுவிளிம்பு கொண்ட மடக்குக் கத்திக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. கத்தி வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2007 அக்டோபரில் 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. ஸ்காட்லாந்தில் மட்டும் வீட்டுப் பயன்பாட்டுக்கான கத்தியை 16 வயது நிரம்பியவர் வாங்கலாம்.

கடைக்காரர் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து, ஐயம் வந்தால் அடையாள அட்டை கேட்கலாம். இணையத்தில் அந்த முகம் இல்லை. இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை 2015 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரப் பள்ளி ஒன்றில் நடந்த கொலை காட்டியது. மாணவர்களிடையே எழுந்த சிறு வாய்த்தகராறில் 16 வயது மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவருக்கும் வயது 16. கத்தி இணையத்தில் வாங்கப்பட்டிருந்தது. அங்கே வயதைச் சரிபார்ப்பதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். இதுகுறித்து அமைக்கப்பட்ட தனி ஆய்வின் அறிக்கை 2016இல் வெளியானது. இணையவழிக் கத்தி விற்பனை குறித்த விவாதம் அதன் பிறகு வலுத்தது.

மூன்று சொற்கள்

தமிழில் எல்லாவற்றுக்கும் கத்தி என்ற ஒரே சொல் போதும். பிரிட்டன் சட்டத்துக்கு அது போதவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடமும் இதுவே.

முதலாவது, தடைசெய்யப்பட்ட ஆயுதம். பட்டன் கத்தி, கைத்தடிக்குள் மறைந்த வாள் போன்றவை இதில் அடங்கும். இவற்றை யாருக்கும் விற்கக் கூடாது. இரண்டாவது, அலகுள்ள பொருள். இதை 18 வயது நிரம்பியவருக்கு விற்கலாம், நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. சமையலறைக் கத்தி, கோடரி, சவரப் பிளேடு ஆகியவை இதில் வரும். ஆனால் அலகு கூட்டுக்குள் நிலையாக அடைபட்டு, 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளித்தெரியும் சவரப் பிளேடுக்கு விலக்கு உண்டு. பழைய பாணி இருமுனைப் பிளேடு வாங்குபவரிடம் வயது கேட்கப்படுவதன் காரணம் இந்த 2 மில்லிமீட்டர்தான்.

மூன்றாவது வகையை 2019ஆம் ஆண்டுத் தாக்குதல் ஆயுதங்கள் சட்டம் கொண்டுவந்தது. ஒருவரின் தோலை வெட்டிக் கடுங்காயம் ஏற்படுத்தக்கூடிய அலகுடைய பொருள் என்று அது வரையறுக்கப்படுகிறது. வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தி இதில் வராது. கறி வெட்டும் கத்தி வரும். வீட்டு முகவரிக்கு அனுப்புவது தொடர்பான விதிகள் இந்த மூன்றாவது வகைக்கே உரியவை.

2019ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டத்தின் முன்வரைவு முதலில் கடுமையாக இருந்தது. இணையத்தில் வாங்கிய கத்தியை வீட்டு முகவரிக்கு அனுப்புவதையே அது பொதுவாகத் தடுத்தது. எதிர்ப்பு ஷெஃபீல்டு நகரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கத்தித் தொழிலுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்போன ஊர் அது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கதைப் பாத்திரம் ஒன்று ஷெஃபீல்டு கத்தி வைத்திருக்கிறது. அங்குள்ள கத்திக் கம்மியர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. பெரிய ஆலைகள் பல மூடப்பட்ட பின் அங்கே எஞ்சியவற்றுள் சிறு பட்டறைகளும் நடுத்தர நிறுவனங்களும் உண்டு. நேரடியாக வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பும் இணைய விற்பனை இத்தகையோருக்குப் பெரும் ஆதாரம். அதை அடைத்துவிட்டால் பெரிய கடைத்தொடர்களுக்கு மட்டுமே ஆதாயம் என்று அவர்கள் வாதிட்டனர்.

அரசு 2019இல் இறங்கிவந்தது. உரிய முறையில் வயதைச் சரிபார்த்து, 18 வயது நிரம்பியவர் கையிலேயே பொட்டலம் சேர ஏற்பாடு செய்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று திருத்தப்பட்டது. இவ்விதிகள் 2022 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தன. விற்பவர் மீது வழக்கு வந்தால் அவர் தம்மைக் காத்துக்கொள்ள நான்கு செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும்: வயதைச் சரிபார்க்கும் முறை தம்மிடம் இருந்தது; உள்ளே அலகுள்ள பொருள் இருப்பதும் 18 வயது நிரம்பியவரிடமே தர வேண்டும் என்பதும் பொட்டலத்தின் மேல் தெளிவாக எழுதப்பட்டிருந்தது; அது அவ்வாறே சேர நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டது; ஆளில்லாப் பெட்டகத்துக்கு அது அனுப்பப்படவில்லை. "எனக்கு 18 வயது ஆகிவிட்டது" என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும் என்ற காலம் இத்துடன் முடிந்தது.

சில விலக்குகளும் உண்டு. வாங்குபவர் கொடுத்த அளவுக்கும் வடிவுக்கும் ஏற்பச் செய்த கத்தி, விளையாட்டுக்கான வாள், பழைய போர்களை நடித்துக்காட்டும் குழுக்களுக்கான கருவி ஆகியவை வீட்டு முகவரி விதியிலிருந்து விலக்கப்பட்டன. வீட்டிலேயே தொழில் நடத்துபவரின் முகவரி 'வீடு' என்று கருதப்படாது. சீக்கியர்கள் சமய நிகழ்வுகளில் பெரிய கிர்பானைப் பரிசளிக்கும் வழக்கம் இச்சட்டத்தால் குற்றமாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. நாடாளுமன்றத்தில் அது எடுத்துரைக்கப்பட்டு, அதற்கும் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது.

சந்தைகளின் சொந்த விதிகள்

சட்டம் அனுமதிப்பதைக்கூட ஒரு சந்தை அனுமதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஈபே நிறுவனம் 2016இன் இறுதியில், மேசைக் கத்திகள் போன்றவை தவிர்த்து, பிரிட்டனில் உள்ளவர்களுக்குக் கத்தி விற்பதைத் தன் தளத்தில் நிறுத்தியது. அமேசான் விற்பனையைத் தொடர்ந்து, பொட்டலம் சேரும்போது வயதைச் சரிபார்க்கும் வழியை மேற்கொண்டது.

நிறுவனத்தின் கணக்கு எளிது. பல இலட்சம் விளம்பரங்களுள் எது கூடும், எது கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட ஒரு வகையையே முழுதாக நீக்குவது செலவு குறைந்தது. அந்த முடிவின் விலையை வேறொருவர் கொடுக்கிறார். பாட்டனார் விட்டுச்சென்ற ஷெஃபீல்டு பேனாக்கத்திகளை விற்க நினைப்பவருக்கும், பழைய தச்சுக் கருவிகளைத் தேடுபவருக்கும் ஒரு பெரிய சந்தையின் கதவு மூடப்படுகிறது. சட்டம் விதிக்கும் தடையை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். நிறுவனத்தின் விதியை எதிர்த்து அப்படிப் போவது அரிது. சொற்களை வைத்துச் சலிக்கும் தானியங்கி வடிகட்டிகளுக்கு ஓவியர் வண்ணம் குழைக்கும் மழுங்கல் கத்திக்கும் குத்துக்கத்திக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

நேர்மையான பயனாளர்கள்

விடுதிச் சமையற்காரருக்குப் பெரிய தொல்லை இல்லை. விடுதியின் முகவரிக்கே கத்தி வந்துவிடும். வீட்டுக்கு வரவழைக்கும் தனியாள் பகலில் வேலைக்குப் போகிறவராக இருந்தால்தான் சிக்கல். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவோ பெட்டகத்தில் வைக்கவோ வழியில்லை. அடையாள அட்டையுடன் அவரே நிற்க வேண்டும். கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ இல்லாத முதியவருக்கு இது இன்னும் கடினம். பிரிட்டனில் அனைவருக்கும் பொதுவான தேசிய அடையாள அட்டை கிடையாது என்பதை இந்திய வாசகர் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சிறு விற்பனையாளரின் நிலை இன்னும் நெருக்கடியானது. வயது சரிபார்ப்புடன் கூடிய அஞ்சல் சேவைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. விலையுயர்ந்த சமையல் கத்தியில் அது கரைந்துவிடும். மரக்கரண்டி குடைவதற்கான சிறிய வளைகத்தியில் அதுவே விலையின் கணிசமான பகுதியாகிவிடும். வெளிநாட்டு விற்பனையாளரைப் பிரிட்டன் நீதிமன்றத்தில் நிறுத்துவதோ எளிதன்று. ஆகவே, அத்தகைய விற்பனையாளரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பொருளைக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்தின் மீது சட்டம் பொறுப்பைச் சுமத்துகிறது. ஒப்பந்தம் இல்லாமல் சாதாரண அஞ்சலில் வருவது இந்த வலையில் சிக்குவதில்லை. விதியை மதிக்கும் உள்ளூர்க்காரருக்குச் செலவு, மதிக்காத தொலைதூரத்தாருக்கு வசதி என்ற குறை இதனால் தொடர்கிறது.

வாங்குவது வேறு, எடுத்துச்செல்வது வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியை 18 வயது நிரம்பியவர் முறைப்படி வாங்கலாம். ஆனால் அது 3 அங்குல விலக்கில் அடங்காது என்று 1990களிலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தக்க காரணமின்றி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் குற்றம். வேலை, சமயம், தேசிய உடை ஆகியவை சட்டமே குறிப்பிடும் காரணங்கள். அவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.

இத்தனை தொல்லைகளையும் சொல்லிவிட்டு, இவை வெறும் அதிகாரிகளின் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜூனில் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் 16 வயதுச் சிறுவன் ஒருவன், வேறொருவன் என்று தவறாக எண்ணப்பட்டு, வீட்டருகே கொல்லப்பட்டான். கொலைக்கருவி இணையத்தில் வாங்கிய நிஞ்சா வாள். அதை வாங்கிய சிறுவன் தன் தாயின் அடையாளத்தைப் பயன்படுத்தியிருந்தான். பெயரையும் வயதையும் மட்டும் சரிபார்த்து, வாங்குபவரும் பெறுபவரும் ஒருவர்தானா என்று பாராத முறையில் எத்தனை பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை அந்த ஒரு செய்தியே காட்டுகிறது.

அண்மைய மாற்றங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜாம்பி பாணிக் கத்திகளும் வெட்டரிவாள்களும் 2024 செப்டம்பர் 24 முதல் தடைசெய்யப்பட்டன. 8 அங்குலத்துக்கு மேற்பட்ட கூர்முனை அலகு இருந்தால் மட்டும் போதாது. இரம்பப் பல், பல துளைகள், கூடுதல் முனைகள் போன்ற குறிப்பிட்ட கூறுகளும் இருக்க வேண்டும். புதர் வெட்டும் சாதாரண அரிவாளைக் காப்பாற்றவே வரையறை இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டது. நிஞ்சா வாள் 2025 ஆகஸ்ட் 1 முதல் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமியரைக் கொன்ற 17 வயது இளைஞர் தம் கத்தியை இணையத்தில் வாங்கியிருந்தார் என்பது தெரியவந்ததும் அரசு மேலும் கடுமையான திட்டத்தை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட குற்றம் மற்றும் காவல் முன்வரைவில் அது இடம்பெற்றது. வாங்கும்போது ஒரு முறை, பொட்டலத்தைப் பெறும்போது மறுமுறை என இருமுறை சரிபார்ப்பு, மொத்தமாக வாங்குவோரைக் காவல்துறைக்கு அறிவிக்கும் கடமை, சிறுவருக்கு விற்போருக்கான உச்சத் தண்டனையை 6 மாதத்திலிருந்து 2 ஆண்டாக உயர்த்துதல் ஆகியவை அதன் கூறுகள். கொல்லப்பட்ட வுல்வர்ஹாம்ப்டன் சிறுவனின் பெயரால் இவை 'ரோனன் சட்டம்' எனப்படுகின்றன. மொத்தமாக வாங்கிச் சமூக ஊடகங்களில் சில்லறையாகக் கைமாற்றும் தனியாட்களே பெருஞ்சிக்கல் என்பது அப்போது வெளியான காவல்துறை ஆய்வில் சுட்டப்பட்டது. அவர்கள் எந்தச் சந்தையின் விதிக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர்.

சமையலறை இழுப்பறை

கொலைப் புள்ளிவிவரங்களில் வேறொரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூர்கருவிக் கொலைகளில், கருவியின் வகை தெரிந்தவற்றுள் முதலிடம் சமையலறைக் கத்திக்குத்தான். அது எவரும் இணையத்தில் தேடி வாங்க வேண்டாத பொருள். நீண்ட கூர்முனைச் சமையல் கத்திகளின் விற்பனையைத் தடைசெய்யலாமே என்று 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவசர சிகிச்சை மருத்துவர்கள் மூவர் எழுதினர். அதற்கு முன் அவர்கள் தேர்ந்த சமையற்கலைஞர்கள் பத்துப் பேரிடம் கருத்துக் கேட்டிருந்தனர். நீண்ட கூர்முனை இன்றியமையாதது என்று அவர்களுள் எவரும் கூறவில்லை. அந்த யோசனை சட்டமாகவில்லை. ஆனால் முனை மழுங்கிய சமையல் கத்திகளைச் சில உற்பத்தியாளர்கள் தாமாகவே செய்து விற்கின்றனர். காய் நறுக்குவதற்கு அவை எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல.