பூனை தன்னைத்தானே கடித்துக்கொள்வது ஏன்?



குழுக் கூட்டத்தில் கடன், தவணை எல்லாம் பேசி முடித்தபிறகு ஆடு, மாடு, கோழி என்று பேச்சு வரும். அப்போது சில உறுப்பினர்கள் கேட்கிற கேள்வி இது: "எங்க வீட்டுப் பூனை வால் பக்கம் கடிச்சுக் கடிச்சு முடியே கொட்டிப் போச்சு, ஏன்?"

"பூனைக்கு என்ன வைத்தியம்?" என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் இதற்குக் காரணம் தெள்ளுப்பூச்சி. இதே பூச்சி ஆட்டுக் கொட்டகைக்கும் போகும். நிறைய ஏறிவிட்டால் இளங்குட்டிகள் ரத்தம் குறைந்து செத்துப்போவதும் உண்டு. கடன் வாங்கி ஆடு வளர்ப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டம்தானே?

எப்படிக் கண்டுபிடிப்பது?

பேன் சீப்பால் வால் அடிப்பகுதி, வயிறு, தொடையில் சீவுங்கள். விழும் கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு நாலைந்து கடியே போதும், அரிப்பு தாங்காமல் புண்ணாக்கிக்கொள்ளும்.

தூள் எதுவும் இல்லையா? படை, காதுப்பூச்சி, அடிபட்ட வலி என்று வேறு காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூனையை மட்டும் கவனித்தால் போதுமா?

போதாது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். முட்டை பூனைமேல் ஒட்டாது. சாக்கு, பாய், மண் தரை என்று உதிர்ந்துவிடும். நாம் பூனைமேல் பார்ப்பது 100-க்கு 5 பங்குதான். மீதி முட்டை, புழு, கூடு என்று வீட்டுக்குள்ளேயே இருக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து வெளியே வரும்.

செய்ய வேண்டியவை

1. தினமும் சீவி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். தெள்ளு மூழ்கிச் சாகும்.
2. பூனை படுக்கும் சாக்கு, துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.
3. வீட்டு மூலை, கட்டிலடி, கொட்டகை எல்லாம் தினமும் கூட்டுங்கள். குப்பையை எரு குழியில் கொட்டாமல் தூரமாக ஆழப் புதையுங்கள்.
4. பூனை, நாய், ஆடு எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள்.

செய்யவே கூடாதது

ஆடு, மாடு, நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பல மருந்துகளைப் பூனையின் ஈரல் முறிக்காது. மேலும் பூனை உடம்பை நக்கும். நடுக்கம், வலிப்பு வந்து செத்துவிடும். பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரமும் வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்தில் எடை பார்த்து, பூனைக்கு உரிய மருந்து கேளுங்கள். அதையும் ஆட்டுக்குப் போடாதீர்கள். ஆட்டுக்குத் தனி மருந்து உண்டு.

குழந்தைகள் கவனம்!

பூனையின் ஆசனவாய் ஓரம் அரிசி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் இந்தப் புழு வரும். பூனையைத் தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள்.

பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். வெறிநோய் வந்தபிறகு காப்பாற்ற முடியாது, ஊசிதான் பாதுகாப்பு.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். தெருவில் எல்லா வீடும் சேர்ந்து செய்தால்தான் தெள்ளு ஒழியும்.