கட்டுமரமும் எடைச் சமநிலையும்

கொசத்தலை ஆறு வங்கக் கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து அமைந்த மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். இன்று சென்னையின் வடகரையில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. அவை வருவதற்கு முன்னர், சோழமண்டலக் கரை மீனவர்க்குப் பெருந்துணையாக நின்றது கட்டுமரம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரான்’ என்னும் சொல் இத்தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததே.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகின்றது. இது கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் வகுத்த விதியினின்று பெறப்படும் உண்மை. ஆகவே, சுமை ஏற ஏறப் படகு மேலும் அமிழும். நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. அதனால் ஆற்றினின்று கடலுள் புகும் படகு, அதே சுமையுடன் சிறிது உயர்ந்து மிதக்கும்.

சுமையின் அளவை மட்டும் கருதினால் போதுமோ? போதாது, அதனை வைக்கும் இடத்தையும் கருதுதல் வேண்டும். எடை முன்புறம் மிகுந்தால், படகின் முனை அலைமீது ஏறாமல் அதனுள் புகும். பின்புறம் மிகுந்தால், பின்பகுதி அமிழ்ந்து விரைவு குறையும். உயரத்தில் சுமை இருப்பின் படகு எளிதிற் கவிழும். ஆதலின், நனைந்த வலை போன்ற கனமான பொருள்களைத் தாழ்வாகவும் நடுவிலும் வைத்தல் நன்று.

பாய் விரித்தபின் காற்று படகை ஒருபுறம் சாய்க்கும். சாய்ந்த பக்கம் முன்னிலும் மிகுதியாக நீரை விலக்குவதால், நீர் அப்பக்கத்தை மேல்நோக்கி உந்தும். படகில் உள்ளோரும் காற்று வரும் பக்கமாக நகர்ந்து அமர்வர். தராசில் உயர்ந்த தட்டின்மீது எடைக்கல் இடுவதை இச்செயல் ஒக்கும்.

குழிந்த படகினுள் புகுந்த நீர், தாழ்ந்த பக்கத்திற்கே ஓடிச் சாய்வை மேலும் வளர்க்கும். கட்டுமரத்திற்கு இத்தீங்கு இல்லை. மேலேறிய அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். ஆனால், மரம் நீரை உறிஞ்சினால் அதன் எடை கூடும். மிதக்கும் ஆற்றல் குறையும். இதனாலன்றோ, கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தினர்!

அலை உடையும் கழிமுகத்தைக் கடக்கும்போது, படகில் ஒருவர் எழுந்து நின்றாலும், பலர் ஒருபுறம் திரண்டாலும் சமநிலை கெடும். சிறு படகில் மனிதனும் ஒரு சுமையே. அவன் தனக்குரிய இடத்தில் தாழ அமர்ந்திருப்பது அனைவரின் உயிரையும் காக்கும்.